பொலோனியாவின் இரு கோபுரங்கள்

கோபுரம் என்னும் சொல் காதில் விழுந்ததும் ஆலயமும் கலசமும் சிற்பத் தொகுதிகளும் நம் மனக்கண்ணில் தோன்றுவது இயல்பு. இன்று நாம் நோக்கவிருக்கும் கோபுரங்கள் அத்தகையன அல்ல. அவற்றுக்கும் வழிபாட்டுக்கும் தொடர்பில்லை. அழகுக்காகச் செதுக்கிய கல் ஒன்றைத்தானும் அவற்றின் உடலில் தேடிக் காண்பது அரிது. அயல் வீட்டுக்காரன் என்ன செய்கிறான் என்று மேலிருந்து பார்ப்பதற்கும், வேண்டிய வேளையில் அவன் கூரைமேற் கல்லை உருட்டிவிடுவதற்கும் எழுப்பப்பட்ட காவற்கோபுரங்கள் அவை. இத்தாலி நாட்டின் வடபாகத்தில் உள்ள பொலோனியா நகரிலே, ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளாக அவற்றுள் இரண்டு அருகருகே நிற்கின்றன. ஒன்றின் பெயர் அசினெல்லி, மற்றையதன் பெயர் கரிசெண்டா. இரண்டும் சாய்ந்தே நிற்கின்றன என்பது இன்னொரு விசேடம்.

சாய்ந்த கோபுரம் என்றால் உலகம் பிசா நகரத்தையே சொல்லும். பாடப்புத்தகங்களிலும் தபாலட்டைகளிலும் இடம்பிடித்துவிட்ட கோபுரம் அது. ஆனால் பிசாவின் கோபுரம் ஒரு பேராலயத்தின் மணிக்கூண்டு. இறைவன் பெயரால் எழுந்தது. பொலோனியாவின் கோபுரங்களோ மனிதருக்கு மனிதர்மேல் இருந்த அச்சத்தின் பெயரால் எழுந்தவை. வரலாற்றை விரும்பிப் படிப்போருக்கு இவையே கூடுதலாகப் பேசும் என்பது என் எண்ணம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கி.மு. 187ஆம் ஆண்டிலே மார்க்கஸ் எமிலியஸ் லெப்பிடஸ் என்ற உரோமக் கொன்சல் ஒரு நெடுஞ்சாலை அமைத்தான். எமிலியா சாலை என்று இன்றும் அவன் குலப்பெயரால் வழங்கும் அச்சாலை பொலோனியாவை ஊடறுத்துச் செல்கிறது. நகரின் பழைய மதிலிலே, இரவென்னா நகரை நோக்கிய வாயில் இருந்த இடத்தில், அச்சாலை விசிறிபோலப் பல தெருக்களாகப் பிரிகின்றது. அந்தப் பிரிவின் முனையிலேதான் இரு கோபுரங்களும் நிற்கின்றன. நகருக்குள் வருவோரும் நகரைவிட்டுப் போவோரும் அவற்றின் அடியைக் கடந்தே ஆகவேண்டும். காவலுக்கு இதனினும் ஏற்ற இடம் அந்நகரில் வேறில்லை.

அசினெல்லியின் உயரம் 97 மீற்றர். அதாவது 318 அடி. அதன் உச்சி, அடியிலிருந்து 2 மீற்றருக்குச் சற்று மேலாக விலகிச் சாய்ந்துள்ளது. கரிசெண்டாவின் உயரம் 48 மீற்றர் மட்டுமே. ஆனால் அதன் சாய்வு 3 மீற்றரைத் தாண்டியது. குட்டையானதே கூடுதலாகச் சாய்ந்திருப்பதால், கீழே நிற்பவருக்கு அது எந்நேரமும் தம்மேல் விழப்போவதுபோலத் தோன்றும்.

இந்த இரண்டு மட்டுமே பொலோனியாவில் எழுந்தன என்று எண்ணிவிடக்கூடாது. பன்னிரண்டாம் பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் அந்நகரம் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அறுவடைக்கு நிற்கும் சோளக்கொல்லைபோலக் காட்சியளித்திருக்க வேண்டும். கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த ஜொவான்னி கொத்சாதினி என்ற அறிஞர், பழைய காணி உறுதிகளை ஆராய்ந்து 180 கோபுரங்கள் இருந்தன எனக் கணக்கிட்டார். ஒரே கோபுரம் கைமாறுந்தோறும் வேறு பெயரில் எழுதப்பட்டிருக்கலாம் என்பதைப் பின்வந்தோர் சுட்டிக்காட்டி, எண்பதுக்கும் நூறுக்கும் இடைப்பட்ட தொகையே பொருந்தும் என்பர். அந்தக் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், காலாற நடந்து கடந்துவிடக்கூடிய ஒரு நகருக்கு நூறு காவற்கோபுரம் என்பது சாதாரண விடயமன்று. இன்று எஞ்சி நிற்பவை இருபது அளவில்.

ஏன் இத்தனை? அக்காலத்திலே ஆயர்களை நியமிக்கும் அதிகாரம் பாப்பரசருக்கா சக்கரவர்த்திக்கா என்ற பிணக்கு ஐரோப்பாவை உலுக்கிக்கொண்டிருந்தது. இத்தாலிய நகரங்களின் செல்வக் குடும்பங்கள் இரு பக்கமாகப் பிரிந்தன. நகரைக் காக்க ஒரு வலிய அரசு இல்லை. 1115ஆம் ஆண்டில் பொலோனிய மக்கள் தம் நகரில் இருந்த சக்கரவர்த்தியின் கோட்டையை இடித்துத் தள்ளினர். மறு ஆண்டே ஐந்தாம் ஹென்றிச் சக்கரவர்த்தி அவர்களுக்குச் சில உரிமைகளை வழங்க நேர்ந்தது. மேலே இருந்த ஆட்சி தளர்ந்தது. கீழிருந்து எழ வேண்டிய ஆட்சி இன்னும் வேரூன்றவில்லை. அந்த இடைவெளியிலே ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தானே அரசாயிற்று. அசினெல்லிக் கோபுரம் 1109க்கும் 1119க்கும் இடையில் எழுந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுவதை இப்பின்னணியில் வைத்து நோக்கவேண்டும்.

இனி, இக்கோபுரங்களை எவ்வாறு கட்டினர் என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். நேயர்களுள் கட்டட வேலை தெரிந்தவர்கள் இருப்பின் இப்பகுதி அவர்களுக்குச் சுவை தரும்.

பொலோனியா ஆற்று வண்டல் படிந்த சமவெளியின் விளிம்பில் உள்ள நகரம். பாறை மேலே இல்லை. ஆகவே ஐந்து முதல் பத்து மீற்றர் ஆழத்துக்குக் குழி தோண்டினர். அக்குழியின் அடியில் மரக் கம்பங்களை நெருக்கமாக அறைந்து இறக்கினர். அதன்மேற் கூழாங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி இறுகச் செய்தனர். இந்த அத்திவாரத்தின்மீது சதுர வடிவில் அடிப்பாகம் எழுந்தது. அதற்குப் பயன்பட்டது செலனைற்று என்னும் கல். நகருக்குத் தெற்கேயுள்ள குன்றுகளில் வெட்டியெடுக்கப்படும் ஒருவகை ஜிப்சக் கல் அது. வெயில் பட்டால் மினுங்கும். வெட்டுவது சுலபம், கொண்டு வருவதும் சுலபம். ஆனால் நீரும் நெருப்பும் அதற்குப் பகை. அன்று கையருகே கிடைத்தது என்று எடுத்த கல், பிற்காலத்தில் என்ன வேலை செய்தது என்பதைப் பின்னர் காண்போம்.

அடிக்கு மேல் முழுவதும் செங்கல். செங்கல் என்றாலும் சுவர் முழுதும் செங்கல் அன்று. உள்ளே தடித்த சுவர் ஒன்று. வெளியே மெல்லிய சுவர் ஒன்று. இரண்டுக்கும் நடுவே விட்ட இடைவெளியிற் கல்லையும் சாந்தையும் கொட்டி நிரப்பினர். இத்தாலியர் இதனைச் 'சாக்குக் கட்டு' என்ற பொருள்படும் பெயரால் அழைப்பர். சாக்கில் நெல்லை நிரப்புவதுபோலச் சுவரை நிரப்புவது என்க. செங்கல் மிச்சம், காலமும் மிச்சம். மேலே போகப் போகச் சுவரின் தடிப்பைக் குறைத்துக்கொண்டே சென்றனர். வெளிப்புறத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. உள்ளே நுழைந்தால் கீழே ஒடுங்கிய அறை, மேலே வரவர அகன்ற அறை. பாரம் கீழே, இடம் மேலே!

சாரம் கட்டுவதற்கு விட்ட சதுரத் துளைகள் இன்னும் சுவரெங்கும் மூடப்படாமற் கிடக்கின்றன. பழுதுபார்க்கும் காலத்தில் மீண்டும் மரம் செருகலாம் அல்லவா? கீழ்ப்பகுதியிற் கல்லைக் குடைந்த பெரிய பள்ளங்களும் உண்டு. மரத்தாலான வெளிமாடங்களையும் பக்கத்து வீட்டுக்குப் போகும் பாலங்களையும் தாங்குவதற்கானவை அவை. சாளரங்கள் மிகச் சில, அவையும் ஒடுக்கமானவை. இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். கோபுரத்தில் யாரும் குடியிருக்கவில்லை. வசிப்பதற்கென்று கட்டப்பட்டவை 'கோபுர வீடுகள்' என வேறு வகையாக இருந்தன. அவற்றின் சுவர் மெல்லியது, யன்னல் பெரியது. குடும்பம் அருகிலுள்ள வீட்டில் வாழும். ஆபத்து வந்தாற் கோபுரத்துக்குள் ஒதுங்கும். ஆபத்து வருகிறதா என்று உச்சியிலிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

60 மீற்றர் உயரக் கோபுரம் ஒன்றை முடிக்க மூன்றாண்டு முதல் பத்தாண்டு வரை சென்றதாகக் கணிக்கின்றனர். பணத்துக்கு எங்கே போனார்கள்? அசினெல்லி என்றால் இத்தாலிய மொழியில் 'சிறு கழுதைகள்' என்று பொருள். அதனை வைத்து மக்கள் ஒரு கதை புனைந்துவிட்டனர். கழுதைகளை ஓட்டிச் சுமை ஏற்றிப் பிழைத்த இளைஞன் ஒருவனுக்கு ஆற்றங்கரை மணலிலே பொன் புதையல் கிடைத்ததாம். பிரபு ஒருவரின் மகளை அவன் விரும்பினான். 'இந்நகரில் எவரும் காணாத உயரத்தில் ஒரு கோபுரம் கட்டு, பெண் தருகிறேன்' என்றாராம் பிரபு. அவன் கட்டினான், மணந்தான். கதை அழகானது. ஆனால் செங்கல்லைத் தோளிற் சுமந்தவர்களைப்பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நிலத்தோடு பிணைக்கப்பட்டு, நிலத்தை விற்கும்போது அதனுடன் சேர்த்து விற்கப்பட்ட அடிமைக்குடிகள் அக்காலத்திற் பெருந்தொகையினராக இருந்தனர். இக்கோபுரங்களில் அவர்களது உழைப்பே கலந்திருந்தது என்பர். கோபுரங்களுக்கு ஒரு பெயர், ஒரு குடும்பம், ஒரு கதை உண்டு. அவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. எனினும் அவர்களுடைய பெயர்கள் வேறோர் இடத்தில் எழுதப்பட்டன. 1256ஆம் ஆண்டில் பொலோனிய நகராட்சி தன் ஆள்புலத்தில் இருந்த அடிமைக்குடிகள் அனைவரையும் விலை கொடுத்து மீட்டு விடுதலை செய்தது. பதினான்கு வயதுக்கு மேற்பட்டவருக்குத் தலைக்கு 10 லீரா, அதற்குக் குறைந்தவருக்கு 8 லீரா என எசமானர்களுக்குக் கொடுக்கப்பட்டது. விடுதலை பெற்ற 5,855 பேரின் பெயர்களும் ஒரு பதிவேட்டிற் பொறிக்கப்பட்டன. ஆதியில் இறைவன் மனிதனுக்குச் சுவர்க்கச் சோலையை அளித்தான் என்ற கருத்துடன் அது தொடங்குவதால் 'சுவர்க்க நூல்' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. கருணை ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. விடுதலை பெற்றவன் நகருக்கு வரி செலுத்துவான், பிரபுவின் பலமும் குறையும் என்ற கணக்கும் அதில் இருந்தது. இருந்தாலும், கோபுரங்களையும் அந்த ஏட்டையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு நேயர்களை வேண்டுகிறேன். ஒரே நகரத்தின் ஒன்றரை நூற்றாண்டுக்குள் இரண்டும் உண்டாயின.

பிரபுக்களின் கோபுரங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அப்பொழுது பல நகரங்களிலும் வலுத்துவந்தது. புளோரன்ஸ் நகரில் 1250இல் ஆட்சியைக் கைப்பற்றிய பொதுமக்கள், எந்தக் கோபுரமும் 50 முழத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று கட்டளையிட்டுப் பலவற்றின் தலையைச் சீவினர். உரோமாபுரியில் நடந்ததோ இன்னும் கடுமையானது. அங்கு 1257ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 140 கோபுரங்களை இடித்துத் தரைமட்டமாக்கிய பிராங்கலியோனே தெல்லி அந்தலோ என்பவர் பொலோனியாவிலிருந்து சென்றவரே. கோபுரக் காட்டிற் பிறந்து வளர்ந்தவருக்கு அவற்றால் விளையும் கேடு நன்கு தெரிந்திருக்க வேண்டும். அவரது சொந்த ஊரில் அப்படி ஒரேயடியாக நடக்கவில்லை. பாப்பரசரின் பக்கம் நின்ற ஜெரெமெய் கட்சியும் சக்கரவர்த்தியின் பக்கம் நின்ற லம்பெர்தாத்சி கட்சியும் தெருக்களிலே மோதின. 1274இல் லம்பெர்தாத்சியர் குடும்பம் குடும்பமாக நகரைவிட்டுத் துரத்தப்பட்டனர்; தோற்றவரின் வீடுகள் இடிக்கப்பட்டன. ஒருவரையொருவர் கண்காணிக்க எத்தனை உயரத்துக்கு ஏறியும், அவ்வுயரம் எவரையும் காப்பாற்றவில்லை.

அடுத்த நூற்றாண்டிலே காவலின் முகம் மாறுகிறது. 1350இல் பொலோனியா நகரே விற்கப்பட்டது. வாங்கியவர் மிலான் நகரின் பேராயரும் அதன் ஆட்சியாளருமாகிய ஜொவான்னி விஸ்கோந்தி. அவர் மறு ஆண்டே அசினெல்லியைத் தம் கைக்குள் கொண்டுவந்து, தரையிலிருந்து 30 மீற்றர் உயரத்தில் அதைச் சுற்றி மரத்தால் ஒரு மேடை அமைத்தார். அங்கிருந்து கரிசெண்டாவுக்கு அந்தரத்தில் ஒரு பாலமும் போட்டார். எதிரிப் படை வருகிறதா என்று தொலைவில் உற்றுநோக்குவதற்கா? அன்று. கீழே இருந்த சந்தைத் தெருவைப் பார்ப்பதற்கு! சந்தையிலே நாலு பேர் கூடினால் அது கலகமாக மூளக்கூடும் என்று அவர் அஞ்சினார். அதே கோபுரம், அதே உச்சி. இப்பொழுது பார்க்கப்படுபவர் பகைக் குடும்பத்தார் அல்லர், நகரத்து மக்கள். அந்த மரக் கட்டுமானம் 1398இல் தீப்பற்றி எரிந்துபோயிற்று. கோபுரம் சிறைச்சாலையாகவும் பயன்பட்டது. 1488இல் அதன் அடியைச் சுற்றிக் காவல் வீரர் தங்குவதற்கு ஒரு தாழ்வாரம் கட்டினர். இன்று காண்பவர் கண்ணில் முதலிற் படுவது அதுவே.

கரிசெண்டாவுக்கு நேர்ந்தது வேறு. அதன் கீழுள்ள மண் தொடக்கத்திலேயே அமிழ்ந்துவிட்டது. சாய்வு அச்சந் தரும் நிலையை அடைந்ததால், 1351க்கும் 1360க்கும் இடையில் அதன் மேற்பாகத்தை இறக்கிவிட்டனர். 60 மீற்றராக இருந்தது 48 மீற்றராயிற்று. உலக இலக்கியத்தில் இடம்பெற்றதோ இந்தக் குறைபட்ட கோபுரந்தான். மகாகவி தாந்தே தமது தெய்வீக நாடகத்தின் நரக காண்டத்திலே, முப்பத்தொராம் பாடலில், அந்தேயுஸ் என்ற அரக்கன் குனியும் காட்சியை விளக்க இதனை உவமையாக்கினார். சாய்ந்த பக்கத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும். மேலே மேகம் ஒன்று சாய்வுக்கு எதிர்த்திசையிற் கடந்து போகும்போது, மேகம் நின்றுவிடும். கோபுரமே நம்மேற் கவிழ்வதுபோலத் தோன்றும். இந்தக் கண்மயக்கத்தைக் கவி அரக்கனின் உடலுக்கு ஏற்றினார். இது ஏட்டிற் பிறந்த உவமை அன்று. தெருவில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்தவனின் உவமை. தாந்தே 1321இல் மறைந்தவர். ஆதலால் அவர் அண்ணாந்து பார்த்த கரிசெண்டா, தலை இழக்காத பழைய கரிசெண்டா. அவ்வடிகள் பொறித்த கல் இன்று அதன் சுவரிற் பதிக்கப்பட்டுள்ளது.

ஜேர்மனிய மகாகவி கோதேயும் 1786 ஒக்ரோபரில் இங்கு வந்தார். எல்லோரும் நேரான கோபுரங்களைக் கட்டியபோது எவனோ ஒருவன் வேண்டுமென்றே வளைத்துக் கட்டியிருக்கிறான் என்பது அவர் முடிபு. கவிஞரின் கற்பனைக்கு அது இதமாக இருந்திருக்கலாம். மண்ணை ஆராய்ந்தவர்கள் அதனை ஏற்கவில்லை.

கவிஞர்களைவிட விஞ்ஞானிகளே அசினெல்லியை நன்கு பயன்படுத்தினர். யேசு சபைத் துறவியாகிய ரிச்சியோலி, 1640ஆம் ஆண்டு தொடக்கம் அதன் உச்சியிலிருந்து குண்டுகளைக் கீழே விட்டு, ஊசலின் ஆட்டத்தால் நேரத்தை எண்ணி, விழும் பொருளின் வேகம் எவ்வாறு கூடுகிறது என்று அளந்தார். கலிலியோ சொன்ன விதி சரியே என்பது அவருக்குப் புலப்பட்டது. ஆனால் பூமி சுழல்கிறது என்பதை மட்டும் அவர் ஒப்பவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1790ஆம் ஆண்டையொட்டி, குலியெல்மினி என்பவர் அதே கோபுரத்துக்குள் குண்டுகளை விழவிட்டார். அவை நேர் கீழே விழாமல், இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைவான அளவு கிழக்கே தள்ளி விழுந்தன. பூமி சுழல்வதாலேதான் அந்த விலகல். துறவி மறுத்ததை அவர் ஏறிய கோபுரமே நிறுவ முயன்றது என்று சொல்லலாம் போலும். இவர்கள் ஏறிய காலங்களுக்கிடையே, 1684இல், உள்ளே 498 மரப் படிகள் அமைந்துவிட்டன. மின்னல் தாக்கி அடிக்கடி சேதமுற்ற உச்சிக்கு இடிதாங்கி கிடைத்தது 1824இல்.

இரண்டாம் உலகப் போரிலே கோபுரம் மீண்டும் காவலுக்கு அழைக்கப்பட்டது. நேச நாடுகளின் விமானங்கள் 1943 முதல் பொலோனியாவின்மீது குண்டு வீசின. அபாயச் சங்கு ஊதியதும் மக்கள் நிலவறைகளுக்கு இறங்கினர். அந்த வேளையில் தொண்டர் நால்வர் எதிர்த்திசையில் நடந்தனர். 498 படியும் ஏறி உச்சியில் நின்றனர். குண்டு எந்தத் தெருவில் விழுந்தது, புகை எங்கே எழுகிறது என்று பார்த்துக் கீழே அறிவிப்பது அவர்கள் பணி. அதன்படி மீட்புப் படையினர் விரைந்தனர். 1945 ஏப்ரிலில் நகரம் விடுதலை பெறும்வரை இக்காவல் நடந்தது. ஒளிந்துகொள்ள ஒரு கூரையும் இல்லாத இடத்தில், வானத்திலிருந்து சாவு பொழியும்போது நின்றவர்கள் அவர்கள். அசினெல்லிக் குடும்பத்தாரும் விஸ்கோந்தியும் அவ்வுச்சிக்கு ஆள் அனுப்பியது தமக்கு ஆபத்து எங்கே என்று அறிய. இவர்கள் ஏறியது பிறருக்கு ஆபத்து எங்கே என்று அறிய. அக்கோபுரம் கட்டப்பட்டதற்கு ஒரு நியாயம் வேண்டுமென்றால், எனக்கு இந்த இரண்டு ஆண்டுகள் போதும்.

கோபுரங்களை நகரத்தாரே இடித்த கதையும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சந்தைத் தெருவை அகலப்படுத்துவதற்காக, இரு கோபுரங்களின் அருகே நின்ற ஆர்த்தெனீசி, ரிக்கதொன்னா என்னும் வேறு இரண்டு பழங் கோபுரங்கள் எதிர்ப்பையும் மீறி வீழ்த்தப்பட்டன. வாகனம் போக இடம் வேண்டுமாம்!

இப்பொழுது கரிசெண்டாவின் முறை. செலனைற்றுக் கல்லைப்பற்றி முன்னர் சொன்னேன் அல்லவா? ஒன்பது நூற்றாண்டு ஈரமும் தீயும் பாரமும் சேர்ந்து அந்த அடிக்கல்லை உள்ளேயே நொருக்கி வருகின்றன. கோபுரத்தில் பொருத்திய நுண் கருவிகள் அதன் அசைவை இரவுபகலாகப் பதிவுசெய்து வந்தன. அவை காட்டிய அளவுகள் நிபுணர்களைக் கலங்கவைத்தமையால், 2023 ஒக்ரோபரிலே கோபுரங்களைச் சூழ்ந்த சதுக்கம் மூடப்பட்டது. ஒருவேளை விழுந்தால் கற்கள் சிதறாதிருக்கச் சுற்றிவர இரும்புத் தடுப்பு எழுப்பினர். 1990இல் மூடப்பட்டு, ஒரு பக்கத்து மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றி நிமிர்த்தப்பெற்று, 2001இல் மீண்டும் திறக்கப்பட்ட பிசாக் கோபுரத்தில் உதவிய சாதனங்களையே இங்கும் கொண்டுவரத் திட்டமிட்டனர். ஆனால் நோய் ஒன்றன்று. பிசாவில் மண் குற்றவாளி, இங்கு மண்ணோடு கல்லும் சேர்ந்துகொண்டது.

அயலாரைக் காவல் செய்ய எழுந்த கோபுரத்தை அயலார் எல்லோரும் கூடிக் காவல் செய்கின்றனர். அசினெல்லியின் படிகளும் அத்துடன் சாத்தப்பட்டன. உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் தனதே என்று பெருமை கொள்ளும் அந்நகரில், பட்டம் பெறுமுன் அசினெல்லியில் ஏறும் மாணவன் பட்டமே பெறமாட்டான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதற்கு அஞ்சி ஆண்டுக்கணக்காக ஏறாதிருந்து, பரீட்சையில் தேறிப் பட்டமும் பெற்று ஆவலோடு வந்தவர்கள், தடுப்புக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியவர்களானார்கள்.